ஏழாவது குழி

கோல்ஃப் என்றால் என்னவென்று ஜவ்வாது மலைப் புதூர்நாட்டில் வழியில் போகிறவர்களை நிறுத்திக் கேட்டுப்பாருங்கள். பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர் உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஜீப்பைப் பிடிக்கப் போய்விடுவார்கள். அந்த மலையில் உட்கார்ந்துகொண்டுதான் சசிகலா கோல்ஃப் மைதானங்களில் குற்றம் குறை பார்த்துக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள்.

நிஜ மைதானம் இல்லை, கம்ப்யூட்டரில் ஆடுகிறது. பெங்களூரில் ஒரு விளையாட்டுக் கம்பெனி. அதில் யார் வேண்டுமானாலும் தன் இஷ்டத்துக்கு ஒரு மைதானம் கட்டி அனுப்பலாம். மண்ணைக் குவித்து மேடாக்கலாம், மரம் நடலாம், தண்ணீர் விடலாம். பதினெட்டுக் குழி வெட்டி, ஒவ்வொரு குழிக்கும் பந்து போய்ச் சேர ஒரு வழி அமைக்க வேண்டும். தேறினால் கம்பெனி அதை வெளியிடும், ஊர் உலகமெல்லாம் ஆடும். தேறுமா தேறாதா என்று ஆடிப் பார்த்து எழுதுகிற சிலரில் சசிகலாவும் ஒருத்தி. கல்யாணத்துக்கு முன் பெங்களூரில் அந்தக் கம்பெனியிலேயே இருந்தவள், இப்போது வீட்டிலிருந்தே செய்கிறாள். சிக்னல் மட்டும் வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தடியில்தான் கிடைக்கும். மழை வந்தால் குடையோடு போய் நிற்பாள்.

முதன்முதலாக மைதானம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களைச் சமாளிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. குறை சொன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். சூப்பர் என்றால் அதே தப்பை அடுத்த மைதானத்திலும் செய்து அனுப்புவார்கள். அதனால் சசிகலா தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தாள். பந்துக்கு என்ன ஆயிற்று என்று மட்டும் எழுதுவாள். கட்டின ஆள் கெட்டிக்காரனா மக்குப் பயலா என்பதைப் பற்றி ஒரு வார்த்தை எழுத மாட்டாள். ஆடுகிறவன் தப்பாக அடித்துத் தண்ணீரில் விட்டால் அது அவன் பாடு. சரியாக அடித்தும் பந்து தொலைந்தால் அது குழியின் தப்பு. இந்த ஒரு விஷயத்தில் அவள் யாருக்காகவும் வளைந்ததில்லை. ஒரு தடவை கம்பெனிக்காரரின் மச்சானுக்கே தேறவில்லை என்று போட்டாள்.

அவ்வளவு கறாரான பொம்பளைக்குச் சொந்தப் புருஷனே பரீட்சை எழுதி அனுப்பினால் என்ன செய்வாள், சொல்லுங்கள்.

ஆனந்தன் ஜீப் ஓட்டினவன். மலைக்கும் திருப்பத்தூருக்குமாக ஆளும் புளி மூட்டையும் ஏற்றிக்கொண்டு போய்வந்தவன், கண்ணைக் கட்டிவிட்டாலும் வளைவுகளை எண்ணிச் சொல்லக்கூடியவன். போன ஐப்பசி மழையில், இறக்கத்தில், மூங்கில் வளைவில் அவன் ஜீப் பள்ளத்தில் போய்விட்டது. பக்கத்து சீட்டில் இருந்த சின்னராசு, பள்ளிக்கூடத்திலிருந்தே அவனோடு ஒட்டிக்கொண்டு திரிந்த சிநேகிதன், அங்கேயே முடிந்துபோனான். ஆனந்தன் தார் ரோட்டில் தூக்கி எறியப்பட்டு, இடுப்பு உடைந்து பிழைத்தான்.

பிழைத்ததுதான் வம்பாகப் போயிற்று. குடித்துவிட்டு ஓட்டினான் என்று ஒரு வாய் சொன்னது. போனை நோண்டிக்கொண்டே ஓட்டினான் என்று இன்னொரு வாய் சொன்னது. பீடி கூடப் பிடிக்காதவனைப் பற்றி இப்படிப் பேச எப்படித்தான் மனசு வந்ததோ. எதிரே லாரி ஏறி வந்தது, மலைப்பாதையில் இறங்குகிறவன்தானே ஒதுங்க வேண்டும், ஒதுங்கி நின்றேன், ஓரம் அப்படியே சரிந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு தடவை சொன்னான். லாரிக்காரன் நிற்காமல் போய்விட்டான், சாட்சி என்று யாரும் இல்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். விடுப்பா, ஆனது ஆச்சு, பரவாயில்லை என்றார்கள். சசிகலாவும் அதையேதான் சொன்னாள். அதன் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. சின்னராசு என்ற பெயர் அவன் வாயில் வரவில்லை. அழவும் இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவன், அப்படியே படுத்துக் கிடந்தான்.

சின்னராசுவின் அம்மா மங்கம்மாள் நாலு வீடு தள்ளித்தான் இருந்தாள். குழாயடியில் சசிகலாவைக் கண்டால் குடம் நிரம்பியதோ இல்லையோ, தூக்கிக்கொண்டு போய்விடுவாள். பெற்ற வயிறு, அவளைக் குறை சொல்ல முடியுமா?

இப்படியே மாசக்கணக்கில் போன பிறகு ஒரு நாள், சசிகலா வேலை செய்துகொண்டிருக்கும்போது, சுவர்ப் பக்கம் இருந்த தலை அவள் திரையைப் பார்க்கத் திரும்பி, "அந்தக் குன்ன எப்படி ஏத்துறாங்க?" என்று கேட்டது. அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மண்ணை எப்படி ஏற்றுவது, இறக்குவது, புல்லை எப்படி விரிப்பது என்று காட்டிக் கொடுத்தாள். அவன் பழைய லாப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். உட்கார்ந்தான் என்பதே பெரிய சேதி. வேளைக்குச் சாப்பிட்டான். சவரம் செய்துகொண்டான். அவன் கட்டுவதை அவள் எட்டிப் பார்க்கப் போனால் மூடிவிடுவான், முடியட்டும் என்பான். முடிந்ததும் அவனே பலாமரத்தடிக்குத் தடி ஊன்றிப் போய்க் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு வந்தான்.

வந்து உட்கார்ந்தவன், டீ கேட்கிற மாதிரி சாவகாசமாகச் சொன்னான்: "இதுவும் தேறலன்னா எனக்கு வேற ஒண்ணும் இல்ல, சசி."

அந்தச் சாவகாசம்தான் அவளைப் பயமுறுத்தியது. கத்தியிருந்தால் கூடத் தேவலை. அன்றைக்கே கொல்லையில் இருந்த பூச்சிமருந்து டப்பாவை எடுத்துப் புடவையில் மறைத்துக்கொண்டு போய் அண்ணன் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். எதற்கு என்று அண்ணன் கேட்கவில்லை. அதிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை. அவன் கொல்லைப் பக்கம் போனால் இவள் அடுப்பை விட்டுவிட்டு வாசற்படிக்கு வருவாள்.

தன் சொந்தக்காரர் கட்டிய மைதானத்தை யாரும் ஆடிப் பார்த்து எழுதக் கூடாது என்பது கம்பெனியின் சட்டம். அதனால் ஆனந்தனுடையது கண்ணமங்கலத்தில் இருக்கிற சதீஸ்குமாருக்குப் போயிற்று. இவளைப் போலவே வேலை பார்க்கிற பையன், போனிலேயே பழக்கம், நல்ல மனசுக்காரன். நல்ல மனசுதான் அவனிடம் தொந்தரவே. ஒரு நாள் மத்தியானம் அவன் கூப்பிட்டான்.

"அக்கா, அண்ணன் கிரவுண்டு ஆடிப் பாத்தேன். ஏழாவது குழியத் தாண்டவே முடில. எப்படி அடிச்சாலும் பந்து போய்டுது. ஆனா அண்ணன் நெலம எனக்குத் தெரியும். பாஸ் போட்டுர்றேங்க்கா. சாயந்தரத்துக்குள்ள அனுப்பியாவணும்."

பலாமரத்தில் சாய்ந்துகொண்டாள் சசிகலா. சரி, போட்டுடு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் ராத்திரிக்கு வீட்டில் பாயசம் வைத்திருக்கலாம். ஆனால் வெளியே வந்த மைதானத்தைத் திரும்ப வாங்க முடியாது. அதை ஆடுகிறவர்கள் வாய் எப்படிப்பட்ட வாய் என்று அவளுக்குத் தெரியும். ஏழாவது குழியில் மாட்டிக்கொண்டு, கட்டினவன் யார், கண்ணு குருடா, குடித்துவிட்டுக் கட்டினானா என்று அவன் பெயர் போட்டே எழுதுவார்கள். எழுதினதை எல்லாம் இவன் ஒன்று விடாமல் படிப்பான். குடித்துவிட்டு என்ற ஒரு வார்த்தை போதும், அவ்வளவுதான். தேறவில்லை என்று சதீஸ்குமார் போட்டாலும் அதே கதிதான். கடைசியாகக் கையைப் பிடித்த ஒன்றும் விட்டுவிட்டது என்று அவன் மறுபடி சுவரைப் பார்ப்பான். இந்த முறை சுவரைப் பார்ப்பதோடு நிற்பானா என்பது அவளுக்கு நிச்சயமில்லை. ஆண்டவனே, இரண்டு பக்கமும் பள்ளம் என்றால் நான் எந்தப் பக்கம் ஒதுங்குவேன் என்று வாய்விட்டே சொன்னாள்.

பாஸ் போடாதே, ஃபெயிலும் போடாதே, சாயங்காலம் நானே கூப்பிடுகிறேன், அதுவரைக்கும் நிறுத்தி வை என்று சதீஸ்குமாரிடம் கெஞ்சினாள். தேறவில்லை என்பதை அவன் கேட்டால் என்னிடமிருந்தே கேட்கட்டும் என்று முடிவு செய்துகொண்டாள்.

உள்ளே போய் அவன் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். கம்பெனிக்காக இல்லை, தனக்காக ஆடிப் பார்க்கப்போவதாகச் சொன்னாள். "பந்து இன்னா ஆவுதுன்னு மட்டும்தான் சொல்லுவேன். உங்களப் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டேன். கேப்பீங்களா?" அவன் லாப்டாப்பை அவள் பக்கம் தள்ளினான்.

முதல் குழி நன்றாகவே இருந்தது. இரண்டாவது இன்னும் நன்றாக இருந்தது. சாமைக் காட்டு ஓரமாக வழி, காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று கதிர் சாய்ந்திருப்பதைப் பார்த்தே ஆடுகிறவன் தெரிந்துகொள்ளலாம். அதை அவள் வாயாரச் சொன்னாள், இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. மூன்றாவதில் பந்து குழிக்குப் பக்கத்தில் விழுந்து, டங்கென்று எகிறி, மரத்துக்கு மேலே போயிற்று. இன்னொன்று அடித்தாள், அதுவும் எகிறிப் போயிற்று. உற்றுப் பார்த்தால் குழியைச் சுற்றிப் புல்லே இல்லை, பாறை. பாறையில் போய்க் குழி வெட்டியிருக்கிறான் மனுஷன். எதற்கு என்று கேட்டாள். சமமான இடத்தில்தான் குழி இருக்க வேண்டும் என்று நீதானே சொன்னாய் என்றான்.

சசிகலாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மலையில் சமமான இடம் எது என்று கேட்டால் பால் மறக்காத குழந்தை கூடப் பாறையைத்தான் காட்டும். சாமை அடிப்பது பாறையில், புளி காயவைப்பது பாறையில், சீட்டு ஆடுவது பாறையில். உலகத்தில் எவனும் செய்ய முடியாத தப்பு இது, ஜவ்வாது மலைக்காரன்தான் செய்வான். பந்து எகிறுகிறது, ஒட்ட வெட்டிய புல்லைப் போட்டால் நிற்கும் என்று சொன்னாள். அவனும் தலையில் தட்டிக்கொண்டு சிரித்தான். ஒரு வருஷத்துக்கு அப்புறம் சிரித்தான். இங்கேயே நிறுத்திவிடலாமா என்று அவளுக்கு ஆசையாக இருந்தது.

நாலு, ஐந்து, ஆறு. ஒன்றில் பலாமரம் குழியை மறைத்தது, ஒன்றில் வழி ரொம்ப நீளம். எல்லாவற்றையும் பந்தை வைத்தே சொன்னாள், அவனும் சரி சரி என்று கேட்டுக்கொண்டான். அப்புறம் ஏழாவது திறந்தது.

மூங்கில் வளைவு. அச்சு அசலாக அதே இடம். ஒரு பக்கம் மூங்கில் புதர், நடுவில் குறுகலான வழி, அந்தப் பக்கம் பள்ளம். திரையில் மழை கூடப் பெய்துகொண்டிருந்தது. ஏழாவது குழியைத் தாண்ட முடியவில்லை என்று சதீஸ்குமார் சொன்னபோது இப்படி இருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை. பக்கத்தில் ஆனந்தன் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

அடித்தாள். பந்து வழியின் நடுவில் விழுந்து, மெதுவாக ஓரத்துக்கு உருண்டு, பள்ளத்தில் போயிற்று. மெதுவாகத் தட்டினாள். போயிற்று. வேறு மட்டையை எடுத்து மூங்கில் பக்கமாகப் பார்த்து அடித்தாள். அதுவும் கொஞ்ச நேரம் நிற்கிற மாதிரி நின்றுவிட்டுப் போயிற்று. அந்தக் குழியில் பந்து நிற்க ஓர் அங்குல இடம் இல்லை.

என்ன சொல்வது? பரவாயில்லை என்று சொல்லலாம். ஒரு வருஷமாக எல்லாரும் அவனுக்குச் சொன்ன வார்த்தை அதுதான், இன்னும் ஒரு தடவை சொன்னால் என்ன குறைந்துபோகும். இது தேறாது என்று சொன்னால், இந்த இடத்தைக் கட்டியவனிடம், இந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே தேறாது என்று சொன்னால், அவன் என்ன ஆவான். அவளுக்கு அந்தப் பூச்சிமருந்து டப்பா கண்ணில் வந்து நின்றது. மவுசை அவன் கையில் கொடுத்து, நீங்கள் அடித்துக் காட்டுங்கள் என்றாள்.

ஆனந்தன் அடித்தான். ஆகா, என்ன அடி அது. தூரமும் சரி, பக்கமும் சரி, நூல் பிடித்த மாதிரி வளைவின் நடுவில் போய் இறங்கியது. இறங்கி, உருண்டு, பள்ளத்தில் போயிற்று.

"எப்பவும் இப்படித்தான்," என்றான் அவன். குரலில் ஒன்றுமே இல்லை. "எத்தினி தடவ அடிச்சிட்டேன். எனக்குத்தான் அடிக்கத் தெரியல."

அப்போதுதான் சசிகலாவுக்குக் கோபம் வந்தது. பயமெல்லாம் எங்கே போனதோ, உச்சந்தலைக்கு ஏறியது கோபம். யாரோ முன்பின் தெரியாதவன் கட்டிய மைதானத்தில் இப்படி ஒரு குழி இருந்தால் அவனை என்ன கேட்பாளோ, அதே கோபம்.

"யார் சொன்னது அடிக்கத் தெரியலன்னு? நடு ரோட்டுல எறக்குனீங்க. இதுக்கு மேல எவனாலயும் அடிக்க முடியாது. சரியா அடிச்ச பந்து பள்ளத்துக்குப் போவுது. அப்ப தப்பு இன்னா அடிச்சவன் மேலயா? குழி மேலங்க. இத நான் எல்லாருக்கும்தான் எழுதுறேன். நீங்க என் புருஷன்னதுக்காகச் சொல்லல."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் நிறுத்தவில்லை, நிறுத்தினால் தைரியம் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

"இந்தக் கிரவுண்டு தேறாதுங்க. தேறலன்னுதான் சொல்லப்போறேன். ஒதுங்க வேண்டியவன் ஒதுங்கினான், நிக்க எடம் இல்ல. எடம் இல்லாத வழிய இப்படி வுடக் கூடாது."

சொல்லி முடித்த பிறகுதான் தான் எதைப் பற்றிப் பேசினோம் என்று அவளுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். வெளியே யாரோ ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். ஆனந்தன் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவானோ என்று அவள் அவன் தடியைக் காலால் மெல்லத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டாள். பாவம், அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

"அப்ப ஓரத்துல இன்னா வெச்சிருக்கணும்?" என்று கேட்டான்.

கட்டைச்சுவர் என்றாள். எவ்வளவு உயரம் என்று கேட்டான். முழங்கால் உயரம் போதும், பந்துதானே என்றாள்.

அவன் லாப்டாப்பை இழுத்துக்கொண்டான். வளைவின் ஓரமாக ஒவ்வொரு கல்லாக எடுத்து வைத்தான். அவசரப்படவில்லை. மலை அடிவாரத்திலிருந்து லாரியில் வந்த கல்லை இறக்கி அடுக்குகிறவனைப் போல ஒன்றின் பக்கத்தில் ஒன்றை ஒட்டி ஒட்டி வைத்தான். வைத்து முடித்துவிட்டு, முன்பு அடித்த அதே அடியை அடித்தான். பந்து வழியின் நடுவில் இறங்கியது. ஓரத்துக்கு உருண்டது. கல்லில் லேசாக இடித்து, நின்றது.

மறுபடி அடித்தான். மறுபடியும் நின்றது. அவன் இன்னும் ஒன்று அடித்தான். பந்துகள் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாகக் கல்லோரமாக மழையில் நனைந்துகொண்டு கிடந்தன.

ஆனந்தன் மவுசை வைத்துவிட்டு, உட்கார்ந்தபடியே கையைத் தன் முழங்காலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தரையிலிருந்து எவ்வளவு என்று காட்டினான்.

"இவ்ளோதானா," என்றான். "இவ்ளோ உசரம் இருந்திருந்தா சின்னராசு கீழ எறங்கி அந்த லாரிக்காரன நல்லா நாலு வார்த்த திட்டிட்டு, மறுபடி ஏறி உக்காந்திருப்பான், சசி."

அவன் முகம் கோணியது. அவன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது, ஆனால் அவன் கையை நீட்டி அவளைப் போ என்றான், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். தடியை எடுத்துக்கொண்டு அவள் கொல்லைப் பக்கம் வந்தாள். பலாமரத்தடிக்குப் போனதும் போன் அடித்தது. சதீஸ்குமார்தான். சாயங்காலம் ஆகிவிட்டது, என்ன போடட்டும் என்று கேட்டான்.

தேறவில்லை என்று போடச் சொன்னாள். மூன்றாவதில் பாறைக்குப் பதில் புல், ஏழாவதில் சரியாக அடித்தவனுக்கு நிற்க இடம் இல்லை, இதை இப்படியே எழுது, குறைக்கவும் வேண்டாம் கூட்டவும் வேண்டாம் என்றாள். திருத்தி மறுபடி அனுப்புவார் என்று சொல்ல வந்து, நிறுத்திக்கொண்டாள். அனுப்புவானா என்று அவளுக்குத் தெரியவில்லை. நாளைக்கு எழுந்திருப்பானா என்பதே தெரியவில்லை.

வீட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. முதலில் இருமல் மாதிரி இருந்தது. அப்புறம் அது பெரிதாகி, தெரு வரைக்கும் கேட்கிற மாதிரி ஆயிற்று. ஒரே பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். குழாயடியில் நின்றிருந்த மங்கம்மாள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். குடம் நிரம்பி வழிந்தது. அவள் அதை எடுக்கவும் இல்லை, போகவும் இல்லை.

"அண்ணன் எப்படிக்கா இருக்காரு?" என்று போனில் சதீஸ்குமார் பயந்துபோய்க் கேட்டான்.

"சின்னராச நெனச்சு அழுவுறாரு," என்றாள் சசிகலா.